பதின்மூன்று வயது லப்டொப்புக்கு ஐ7: கொடுத்த 18,000 ரூபாய் தகுமா?

என் தொழில் கல்வெட்டு அடிப்பது. வெளியூர்க்காரர் உளியையும் சுத்தியலையும் நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உறவினர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலருக்குத்தான் அந்தப் பெயர். அட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்ச விருட்சம், பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து பதினான்கு வருடமாக இதைச் செய்கிறேன். நான் பக்கம் கட்டிப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் மிச்சத்தை அச்சகம் பார்த்துக்கொள்ளும்.

2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது வீடியோவும் என் தலையில் விழுந்தது. கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்த பிள்ளைகள் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனார்கள். பழைய படங்களைக் கோத்து, பின்னணியில் தேவாரம் ஓடவிட்டு, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு நினைவு வீடியோ செய்து தரச் சொன்னார்கள். விமானங்கள் திரும்ப ஓடத் தொடங்கியும் அந்தக் கேட்பு குறையவில்லை. இப்போது கல்வெட்டுக்கு வருபவர்களில் அரைவாசிப் பேர் வீடியோவும் கேட்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், லப்டொப்பின் புரொசசரை, அதாவது வேலையெல்லாம் செய்யும் மூளைச் சிப்பை, மாற்றுவது கொடுத்த காசுக்குப் பெறுமதியா என்று யாராவது கேட்டால், அதில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. என் வேலை இது. மாற்றி ஏழெட்டு மாதம் பாவித்த பிறகு எழுதுகிறேன்.

லப்டொப் லெனோவோ திங்க்பாட் ரி430. 2012இல் வந்த மொடல். நான் வாங்கியது 2022 சித்திரையில், அதுவும் இன்னொருவர் பாவித்ததை. அந்த வருடம் எப்படி இருந்தது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்குனியில் ரூபாயை அதன்பாட்டுக்கு விட்டார்கள். இருநூறு ரூபாயாக இருந்த டொலர் சில கிழமைகளில் முந்நூறைத் தாண்டிப் போனது. பங்குனி கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மேசைக் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? செத்தவர்கள் கரண்ட் அட்டவணை பார்த்துச் சாவதில்லை. பற்றறி உள்ள ஒன்று வேண்டும், புதிதின் விலை கேட்கவே பயமாக இருந்தது. 65,000 கொடுத்து இதை எடுத்தேன். கறுப்புச் செங்கல் மாதிரி இருக்கும். தட்டச்சுக்கு இதைவிட நல்ல கீபோர்ட்டை நான் தொட்டதில்லை. ஒரு நாளைக்கு முப்பது பக்கம் பாமினி எழுத்துருவில் அடிக்கிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே இருந்த புரொசசர் இன்டெல் நிறுவனத்தின் ஐ5-3320எம். இரண்டு கோர் (ஒரே சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள்), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்), 2.6 கிகாஹேர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.3 வரை ஏறும். 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். அடுத்த வருடமே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி போட்டேன், 8 ஜிபி ரேம் ஒன்று சேர்த்தேன். காலையில் ஆளியைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போன காலம் அன்றோடு போனது. இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது இருபது செக்கனில் திறந்தது. இதை முதலில் சொல்லிவைக்கிறேன். உங்கள் பழைய லப்டொப்பில் இன்னும் சுழலும் டிஸ்க் இருந்தால், புரொசசர் பற்றி இந்தக் கட்டுரையில் உள்ள ஒரு வரியும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. எஸ்எஸ்டியைப் போட்டுவிட்டு வாருங்கள். பலருக்குத் திரும்பி வரும் தேவையே இருக்காது.

எனக்கு இருந்தது. காரணம் ஐபோன்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் வீடியோ முக்கால்வாசியும் ஐபோனில் எடுத்தது. 2017க்குப் பிறகு அந்தப் போன்கள் வீடியோவை எச்இவிசி என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. போனில் இடம் மிச்சம், அவர்களுக்கு நல்லது. என்னுடைய 2012ஆம் ஆண்டு சிப்பில் எச்இவிசியை விரிப்பதற்கென்று தனிப்பகுதி கிடையாது. அது பிறந்த பிறகு வந்த முறை அது. ஆகவே விரிக்கும் வேலை முழுவதும் புரொசசரின் தலையில். வீடியோ வெட்டி ஒட்ட என்னிடமுள்ள பழைய பிரீமியர் மென்பொருளும் அதைத் திறக்காது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு எச்264 என்ற பழைய முறைக்கு மாற்ற வேண்டும், பிறகு வெட்டி ஒட்ட வேண்டும், பிறகு முழுவதையும் ஏற்றுமதி செய்ய, அதாவது ஒரே வீடியோக் கோப்பாக எழுதி எடுக்க, வேண்டும். இரண்டு தரம் சமைத்த சோறு மாதிரி.

போன வருடம் மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, கனடாவில் இருந்து ஒரு மகன் அழைத்தார். தகப்பனின் அந்தியேட்டி வியாழன் காலை. வீடியோ முடித்து அனுப்பியாயிற்று. "அக்கா, குறை நினைக்காதேங்கோ, அப்பா இஞ்ச வந்து நிண்டபோது எடுத்தது ஒண்டு இருக்கு, பன்னிரண்டு நிமிசம், இதையும் சேர்த்துவிடுங்கோ" என்றார். குரலைக் கேட்டபின் எப்படி ஏலாது என்பது? நான்கு கே தரத்தில் பெரிய வீடியோ. மாற்ற 64 நிமிடம். அதிலிருந்து மூன்று நிமிடம் எடுத்துச் சேர்த்து, திரும்ப ஏற்றுமதி செய்ய 1 மணி 52 நிமிடம். அனுப்பிவிட்டுப் பார்த்தால் ஒரு பேரப்பிள்ளையின் பெயரில் எழுத்துப்பிழை. இன்னொரு 1 மணி 52 நிமிடம். பக்கத்து வீட்டுச் சேவல் கூவும்போது நான் கதிரையில் இருந்தபடி தூங்கிப்போயிருந்தேன்.

அடுத்த நாள் ஒரு கொப்பி எடுத்தேன். ஒரு மாதம், லப்டொப்புக்காக நான் சும்மா காத்திருந்த நேரமெல்லாம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் டாஸ்க் மனேஜரைத் திறந்து எது 100 வீதத்தில் முட்டி நிற்கிறது என்றும் பார்த்தேன். சிபியூவா (புரொசசருக்கு அங்கே அந்தப் பெயர்), டிஸ்க்கா, மெமரியா? இது யாரும் செய்யக்கூடியது, ஒரு சதம் செலவில்லை. அந்த மாதம் ஏழு வீடியோ. மாற்றுவதற்கும் ஏற்றுமதிக்கும் சேர்த்து 19 மணித்தியாலம். அத்தனை நேரமும் சிபியூ 100 வீதம், டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கல்வெட்டு வேலைக்காகக் காத்திருந்தது மாதம் முழுவதும் கூட்டினாலும் ஒரு மணித்தியாலம் வராது. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும்போது சிபியூ 5 வீதத்தைத் தாண்டவில்லை. அதாவது நான் வீடியோ செய்யாமல் கல்வெட்டு மட்டும் அடிப்பவளாக இருந்தால், உலகத்தில் உள்ள எந்தப் புரொசசரைப் போட்டாலும் ஒரு மணித்தியாலத்தைத்தான் மிச்சம் பிடிக்கலாம்.

இனிக் கடைகள். ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில் கேட்டேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "லப்டொப்பில புரொசசர் மாத்தேலாது அக்கா, அது போர்ட்டோட ஒட்டி வாறது. புதுசா ஒண்டு எடுங்கோ, தவணைக்குத் தாறம்." முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். இன்று கடையில் நிற்கும் இன்டெல் லப்டொப் எல்லாவற்றுக்கும் அவர் சொன்னது சரி. இன்டெல் சிப்புகளின் நான்காம் தலைமுறை வரை, அதாவது 2013, 2014 கால மொடல்கள் வரை, சில லப்டொப்புகளில் சிப் கால்களோடு வந்து ஒரு குழியில் இருக்கும், கழற்றலாம். ஐந்தாம் தலைமுறையில் இருந்து ஏறக்குறைய எல்லாமே ஈயத்தால் ஒட்டியவை. அதற்கு முந்தியவற்றிலும் சிப்பின் பெயர் யூ என்று முடிந்தால் ஒட்டியது. எம், கியூஎம், எம்கியூ என்று முடிந்தால் பெரும்பாலும் குழியில் இருக்கும். என்னுடையது மூன்றாம் தலைமுறை, எம்.

கஸ்தூரியார் வீதியில் இன்னொரு கடை. இவர்கள் உடனே ஓம் என்றார்கள். "ஐ7 போட்டுத் தாறம், 14,000." எந்த ஐ7 என்று கேட்டேன். "ஐ7 எண்டா ஐ7தானே அக்கா." சிப்பைக் காட்டச் சொன்னேன். மேலே பொறித்திருந்தது ஐ7-3520எம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த 3520எம்முக்கும் இரண்டே கோர்தான். வேகம் 2.9, ஏறினால் 3.6. என்னுடைய ஐ5 ஏறினால் 3.3. பத்து வீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்துக்கு 14,000 ரூபாய்! ஐ5, ஐ7 என்பது சாதிப் பெயர் மாதிரி, ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பின்னால் வரும் இலக்கத்தையும் எழுத்தையும் பார்க்க வேண்டும். கியூ என்ற எழுத்து இருந்தால் நான்கு கோர். இல்லையென்றால், எக்ஸ்எம் என்று முடியும் ஒன்றிரண்டைத் தவிர, அந்தத் தலைமுறை லப்டொப் ஐ7 எல்லாம் இரண்டுதான். கடைக்காரத் தம்பிக்கு அது தெரிந்திருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

எனக்கு வேண்டியது ஐ7-3632கியூஎம். நான்கு கோர், எட்டு திரெட், 2.2 கிகாஹேர்ட்ஸ், ஏறினால் 3.2, கேஷ் என்ற உள்நினைவகம் 3 எம்பிக்குப் பதிலாக 6 எம்பி. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு இலக்கம்: 35 வாட். என் பழைய ஐ5உம் 35 வாட்தான். இதைவிட வேகமான 3630கியூஎம், 3740கியூஎம் எல்லாம் 45 வாட். விலை வித்தியாசம் பெரிதில்லை, கொழும்பில் அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். என்னுடைய லப்டொப்பின் விசிறி 35 வாட் சிப்போடு வந்தது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், அஸ்பெஸ்ரோஸ் கூரைக்குக் கீழே இருக்கும் முன்னறையில், கூட ஒரு பத்து வாட் சூட்டை அந்தச் சின்ன விசிறி எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? வேண்டாம் என்றேன்.

கொழும்பில் படிக்கும் அண்ணன் மகனைப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் அலைந்து ஒரு கடையில் பிடித்தான். பாவித்தது, 11,500 ரூபாய், ஒரு கிழமை வொரன்ரி. வாங்கும் முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், ஏனென்றால் இதே 3632கியூஎம் இலக்கத்தில் இரண்டு விதம் உண்டு. ஒன்று கால் உள்ளது, மற்றது ஒட்டுவதற்கென்று ஈயக் குண்டு பதித்தது. இலக்கத்தை மட்டும் பார்த்து எடுத்தால் குண்டு வைத்தது வந்து சேரும், அதைச் சாவிக்கொத்தில்தான் மாட்டலாம். "மாமி, 988 காலும் இருக்கு, எண்ணிப் பாத்தனான்" என்று எழுதினான். எண்ணியிருக்க மாட்டான். ஒன்றும் வளையவில்லை என்பது படத்தில் தெரிந்தது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, பிஸ்கற் பெட்டியில் பஞ்சு அடைத்து, இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். விடிய ஐந்தரைக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் போய் நின்று எடுத்தேன். நடத்துநருக்குக் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பூட்டியது பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, ஒரு தம்பியின் சின்னக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெளியில். என் முன்னாலேயே செய்யச் சொன்னேன், அவரும் முகம் சுளிக்கவில்லை. முதலில் பற்றறியைக் கழற்றினார். கீபோர்ட், கைவைக்கும் பலகை, மேல்சட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார், ஒவ்வொரு கட்டத்துத் திருகாணியையும் முட்டை அட்டையின் வெவ்வேறு குழியில் போட்டார். விசிறியோடு சேர்ந்த செம்புக் குழாயைத் தூக்கியபோது சிப்பின் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. விசிறி வாயில் இருந்த தூசியை ஒரு போர்வை என்றே சொல்லலாம். குழியின் ஓரத்தில் உள்ள பூட்டைத் தட்டைத் திருப்புளியால் அரைச் சுற்றுச் சுற்ற, பழைய சிப் தானாக மேலே வந்தது. புதியதை மூலை அடையாளம் பார்த்து வைத்தார். அமர்த்தவே இல்லை, தன் பாரத்தில் போய் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை வியர்த்தது என்னவோ உண்மை.

எல்லாம் பூட்டி ஆளியைத் தட்டினால், கறுப்புத் திரையில் விசிறிப் பிழை என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் வந்து, லப்டொப் தானே நின்றுவிட்டது. என் நெஞ்சும் கொஞ்சம் நின்றது. தம்பி, "ஐயோ, வயரைக் கொழுவேல்லை" என்று தலையில் தட்டிக்கொண்டார். திரும்பக் கழற்றி விசிறி வயரைக் கொழுவிப் பூட்ட இன்னும் இருபது நிமிடம். இரண்டாம் முறை திறந்தது. விண்டோஸுக்கு முன் வரும் பயோஸ் திரையில் புதிய பெயர் தானாக வந்து நின்றது, விண்டோஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூலி, பேஸ்ட், துப்புரவு எல்லாம் சேர்த்து 2,500. பிழையைத் தானே சொல்லித் தானே திருத்தியதற்காக அவரிடம் நான் திரும்பவும் போவேன்.

சரி, விளைவு. வீட்டுக்கு வந்ததும் அந்த மாசி மாத வீடியோவையே திரும்பப் போட்டேன். அதே கோப்பு, அதே அமைப்பு. பன்னிரண்டு நிமிட ஐபோன் வீடியோவை மாற்ற முன்பு 64 நிமிடம், இப்போது 37. முழு ஏற்றுமதி முன்பு 112 நிமிடம், இப்போது 66. கோர் இரண்டு மடங்கு ஆனாலும் நேரம் பாதியாகவில்லை. எட்டு திரெட்டும் ஓடும்போது ஒவ்வொன்றும் மூன்று கிகாஹேர்ட்ஸுக்குக் கீழேதான் நிற்கும், 35 வாட்டுக்குள் அவ்வளவுதான் முடியும். என்றாலும் ஒரு மணி 52 நிமிடம் ஒரு மணி ஆறு நிமிடமாவது, இரவு ஒரு மணிக்குப் படுப்பதற்கும் இரண்டு மணிக்குப் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம். கொப்பிக் கணக்குப்படி 19 மணித்தியாலம் 11 ஆகியிருக்கிறது.

இன்னொரு நன்மை, நான் எதிர்பாராதது: ஏற்றுமதி ஓடும்போதே பேஜ்மேக்கரில் வேறொரு கல்வெட்டு கட்ட முடிகிறது. முன்பு எழுத்து அடித்து மூன்று செக்கனுக்குப் பிறகுதான் திரையில் வரும். அந்த நேரத்தில் வேலை செய்ய முயல்வதைவிடக் கீரை ஆய்வது நல்லது. இப்போது ஹேண்ட்பிரேக்கின் முன்னுரிமையைக் குறைத்துவிட்டால் தட்டச்சு தடங்காமல் போகிறது. உண்மையில் அந்த எட்டு மணித்தியால மிச்சத்தைவிட இது எனக்குப் பெரிது.

இனி மாறாதவை. ஃபோட்டோஷொப்பில் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் கீறலை அழிப்பது அதே வேகம். ஒரு கோரை மட்டும் பாவிக்கும் வேலைகளில் இது கடுகளவு மெதுவாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் பழையது 3.3 வரை போகும், இது 3.2. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புதியது எல்லாவற்றிலும் வேகம் என்று யாரும் நினைக்கக் கூடாது. லப்டொப் திறக்கும் நேரம் அதே. குரோம் அதே. கிராபிக்ஸ் பழையதிலும் எச்டி 4000, புதியதிலும் எச்டி 4000. யூடியூப் மட்டும் கொஞ்சம் ஆறுதல்: அது விபி9 என்ற முறையில் சுருக்கி அனுப்பும் வீடியோவையும் இந்தத் தலைமுறைச் சிப் தன் முழுப் பலத்தால்தான் விரிக்க வேண்டும். முன்பு பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்தால் விசிறி கத்தும், இப்போது முனகும்.

விண்டோஸ் விஷயத்திலும் மாற்றம் இல்லை. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் கேட்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ5க்குப் பதில் மூன்றாம் தலைமுறை ஐ7 போட்டால் வாசலில் நிற்கும் ஆள் மாறுவாரே தவிர வாசல் திறக்காது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டது. பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் ஒரு வருட நீட்சி. நான் பதிந்துகொண்டேன். வங்கி வேலையை இந்த லப்டொப்பில் செய்வதில்லை.

சூடு பற்றிச் சொல்லாவிட்டால் இது நேர்மையான விமர்சனம் ஆகாது. மாற்றியது வைகாசியில். முதல் நாள் முழு ஓட்டத்தில் 94 பாகை. 105இல்தான் சிப் தன்னைக் காக்கத் தொடங்கும் என்றாலும் அந்த எண்ணைப் பார்க்க எனக்கு மனமில்லை. பின்பக்கத்தை இரண்டு பழைய கசெற் பெட்டிகளில் ஏற்றிவைத்து, மேசை விசிறியை அந்தப் பக்கம் திருப்பினேன். 88க்கு வந்தது. மார்கழியில் இன்னும் கீழே. இந்த மொடலுக்குச் சூடு இடப்பக்கத்தால் வெளியேறும், ஆகவே இடக்கைப் பக்கம் தாள் வைக்க முடியாது. மழைக்கால இரவுகளில் எங்கள் பூனை அங்கே வந்து படுக்கும். அதன் வால் காற்று வாயை அடைத்தபோது ஒருமுறை திரும்பவும் 94 பார்த்தேன்.

சார்ஜரைப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது 65 வாட். ஏற்றுமதி ஓடும்போது பற்றறி 41 வீதத்தில் நின்றது, இரண்டு மணித்தியாலம் கழித்தும் 41. சிப்பும் திரையும் தின்றது போக மிஞ்சவில்லை. 90 வாட் சார்ஜர், பாவித்தது, 4,000 ரூபாய். ஆக 11,500உம் 2,500உம் 4,000உம், 18,000.

இந்தப் பதினெட்டாயிரத்தைப் பழைய லப்டொப்பில் போடுவதா, அதை விற்றுவிட்டு வேறொன்றை எடுப்பதா என்று நான் மூன்று இரவு யோசித்தேன். அப்போது இங்கே எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள பாவித்த லப்டொப் ஒரு இலட்சத்துக்குக் கிட்டச் சொன்னார்கள். என் ரி430க்கு நாற்பது தருவதாக ஒருவர் சொன்னார். கையில் இருந்து போடவேண்டியது அறுபதாயிரம். அந்த எட்டாம் தலைமுறை ஐ5-8250யூ போன்றவை 15 வாட்டிலேயே நான்கு கோர், எட்டு திரெட். எச்இவிசி, விபி9 இரண்டையும் விரிக்கத் தனிப்பகுதி உண்டு. விண்டோஸ் 11 ஓடும். உண்மையைச் சொன்னால் அதுதான் நல்ல சாமான். கையில் அறுபது இருந்தவர் என் வழியில் வந்தால் நான் தடுப்பேன். என் கையில் இருந்தது இருபத்திரண்டு, அந்த மாதம் மகளுக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளும் வாங்க வேண்டியிருந்தது.

மகள் தன்னுடைய லப்டொப்பையும் இப்படி வேகமாக்கித் தரச் சொன்னாள். திருப்பிப் பார்த்தேன், ஏழாம் தலைமுறை, யூ என்று முடிந்தது, ஒட்டியது. அவள் செய்வதெல்லாம் குரோமில் நாற்பது ஜன்னல் திறந்துவைத்துக் கட்டுரை எழுதுவது. டாஸ்க் மனேஜரில் மெமரி 93 வீதம், சிபியூ 12. இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். அதோடு வாய் அடங்கிவிட்டது.

பழைய ஐ5ஐ விற்றால் இரண்டாயிரம் தருவதாகப் பலாலி வீதித் தம்பி சொன்னார். கொடுக்கவில்லை. புதியதன் ஒரு கிழமை வொரன்ரி எப்போதோ முடிந்துவிட்டது, பாவித்த சிப் எப்போது கண்ணை மூடும் என்று யாருக்குத் தெரியும்? புதன்கிழமை இரவு மூடி, வியாழன் காலை யாருடைய அந்தியேட்டியாவது இருந்தால்? அந்த பிஸ்கற் பெட்டியில், அதே பஞ்சுக்குள், கால் வளையாமல் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு சின்னப் பேஸ்ட் குழாயும், தட்டைத் திருப்புளி ஒன்றும், விசிறி வயரைக் கொழுவ மறக்கக் கூடாது என்று எழுதிய ஒரு துண்டுக் கடதாசியும்.